கோமு துப்பிய ருசிகள்

கோமு தன் வாயில் வைத்த முதல் சோற்றைத் துப்பிய அன்று செக்கடித் தெருவில் சோற்றுக்கு ருசி போய்விட்டது. அன்றைக்கு அதை ஒருவரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்தத் தெருவில் யாரும் சோற்றை அதன் ருசிக்காகச் சாப்பிட்டதில்லை, புளிக்குழம்பை வாய்க்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டியாகத்தான் அதை வைத்திருந்தார்கள். தெருக்கோடி அம்மன் கோயிலில் வைத்து, பருப்பும் நெய்யும் விட்டுக் குழையப் பிசைந்த சோற்றைத் தாய்மாமன் மோதிர விரலால் தொட்டு நாக்கில் வைத்தபோது, பிள்ளை அதை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்து, வழக்கை விசாரிக்கிறவரைப் போலப் புருவத்தைச் சுருக்கி, உதட்டைக் குவித்து வெளியே தள்ளியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேச்சியம்மாளும் சிரித்து, முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

பேச்சி அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் புருஷன் ஆவுடையப்பன் மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போய் வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்புகிற லாரிக்காரன். வந்தால் குளிப்பான், தூங்குவான், மகளை நெஞ்சில் போட்டுக்கொண்டு கிடப்பான், பிறகு போய்விடுவான். ஆக, பிள்ளைக்குச் சாப்பாடு பழக்குகிற வேலை முழுக்கப் பேச்சியின் தலையில்தான் விழுந்தது. அவள் அதைப் பொறுமையாகவே செய்தாள். கேப்பையை ஊறவைத்துப் பாலெடுத்துக் கூழ் காய்ச்சினாள், கோமு துப்பினாள், தெருவில் கேப்பைக்கு ருசி போயிற்று. ஏத்தன் வாழைப்பழத்தை ஆவியில் அவித்து நாரெடுத்து மசித்தாள், கோமு துப்பினாள், ஏத்தன்பழத்துக்கு ருசி போயிற்று. பாசிப்பருப்பை வேகவைத்தாள், கேரட்டை வேகவைத்தாள், உருளைக்கிழங்கை வேகவைத்துத் துணியில் வடிகட்டினாள், எல்லாம் பிள்ளையின் கன்னத்திலும் கழுத்து மடிப்பிலும் பேச்சியின் முழங்கையிலும் போய் முடிந்தன, எல்லாவற்றின் ருசியும் தெருவை விட்டுப் போயிற்று.

இட்லி போனபோதுதான் தெரு விழித்துக்கொண்டது.

தாணு அண்ணாச்சி அந்தத் தெருவின் நடுவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். காலையில் இட்லி, சாயங்காலத்துக்கு மேல் புரோட்டாவும் சால்னாவும். அன்று காலை கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் முதல் விள்ளலை வாயில் போட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இட்லி பூப்போலத்தான் இருந்தது, சூடாகத்தான் இருந்தது, ஆனால் ஆவியைத் தின்பது போல இருந்தது. அண்ணாச்சி உளுந்தை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், மாவரைக்கிறவளைத் திட்டினார். பிறகு பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பொட்டலம் கட்டிக்கொண்டு போய், தெருமுனையில் சாக்கடைத் தண்ணீர் ஓடுகிற வாறுகாலுக்கு மேல் போட்டிருக்கும் சின்னப் பாலத்தைத் தாண்டி நின்று சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, "அங்க வச்சுத் தின்னா நல்லாத்தான இருக்கு, உம்ம தெருவுலதான்வே என்னமோ கோளாறு" என்றார். கோளாறு எங்கே இருக்கிறது என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. எதிர்வீட்டுப் பிரமு மதினி பேச்சியின் வாசலில் நின்று, பிள்ளையின் தாடையில் ஒட்டியிருந்த இட்லியையும், தன் கையிலிருந்த தட்டில் பாதி தின்றபடி இருந்த இட்லியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேச்சி, நேத்து இவளுக்கு என்ன குடுத்த?"

"உருளைக்கெழங்கு மதினி. துப்பிட்டா."

"அதான பாத்தேன். நேத்து எங்க வீட்டுப் பொரியலு மண்ணு மாதிரி இருந்துச்சு. அவுக என்னையப் போட்டு ஏசுனாவ."

அத்தோடு விஷயம் தெளிவாகிவிட்டது. பிள்ளை எதைத் துப்புகிறதோ அது அந்தத் தெருவில் ருசிக்காது. ஏன் அப்படி என்று கேட்டவர்கள் இருந்தார்கள், ஆனால் அந்தக் கேள்வியோடு யாரும் அதிகநேரம் உட்கார்ந்திருக்கவில்லை, ஏனென்றால் மத்தியானம் ஆகிவிட்டிருந்தது, பசித்தது. தெரு தன்னைச் சரிபண்ணிக்கொண்டது. ருசியோடு சாப்பிட விரும்பியவர்கள் தட்டை மூடி எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனார்கள். முதலில் ஆண்கள் நின்றபடி சாப்பிட்டார்கள், பிறகு பெண்கள் பாய் கொண்டுவந்தார்கள், பிறகு ஒரு குடும்பத்துக்கு ஒரு மரநிழல் என்று பாத்தியதை வந்தது, பிறகு அந்தப் பாத்தியதைக்காகச் சண்டையும் வந்தது. கல்யாணத் தேதி குறித்திருந்த ஒரு வீட்டார் பந்தியை மட்டும் அடுத்த தெருவுக்கு மாற்றினார்கள். சமையல் தெரியாத மருமகள்கள் தெருவுக்குள்ளேயே பரிமாறினார்கள், அவர்களுக்கு அது நிம்மதியான காலம்.

பிள்ளைகள்தான் பெரியவர்களைவிட வேகமாகப் புரிந்துகொண்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டமாக வந்து பேச்சியின் வாசலில் பாவற்காயை நீட்டினார்கள். "பேச்சிக்கா, இத ஒரே ஒரு வாய் குடுங்கக்கா." பேச்சி பாவற்காயை அவித்து மசித்துக் கொடுத்தாள், ஏதாவது ஒன்றைப் பிள்ளை விழுங்காதா என்ற நப்பாசைதான், கோமு துப்பினாள், பிள்ளைகள் ஆரவாரம் செய்துகொண்டு ஓடினார்கள். மறுநாள் முருங்கைக்கீரை வந்தது, சுண்டைக்காய் வந்தது, வாதத்துக்குக் கசாயம் குடிக்கிற ஒருவர் அதைச் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு வெட்கத்தோடு நின்றார். கசாயத்தைப் பேச்சி திருப்பிக் கொடுத்துவிட்டாள். இன்னொரு நாள் மேல்வரிசை வீட்டுச் சுப்புத்தாய் இருட்டுக்கு முன்னால் வந்து, மடியிலிருந்து ஒரு சாராயக் குப்பியை எடுத்து, "ஒரு சொட்டு, நாக்கு நுனியில ஒரே ஒரு சொட்டு, அந்த மனுசனுக்கு இது ருசிக்காமப் போனா என் குடி தப்பும்" என்று அழுதபோது, பேச்சி பிள்ளையைத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, சுப்புத்தாயோடு சேர்ந்து தானும் கொஞ்ச நேரம் அழுதாள். ஆனால் கொடுக்கவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது கோமு தாய்ப்பாலை மட்டுமே குடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் குறைந்துகொண்டு வந்தது. பேச்சிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளையை மடியில் போட்டு, கரண்டியை நீட்டி, காக்காயைக் காட்டி, நாயைக் காட்டி, தாளம் போட்டு, கெஞ்சி, மிரட்டி, துடைத்து, மறுபடி கரண்டியை நீட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிடும், மிச்சம் இருப்பதை நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள், அதுவும் ருசிக்காது. ஊசி போட வந்த நர்சம்மா பிள்ளையைத் தராசுத் தொட்டிலில் போட்டுப் பார்த்து, மறுபடியும் போட்டுப் பார்த்து, "போன மாசத்தவிடக் கொறஞ்சிருக்காம்மா. பால் மட்டும் இனிப் பத்தாது. காலைப் பாருங்க, குச்சி மாதிரி" என்றார். பேச்சி காலைப் பார்த்தாள். அவள் தினமும் எண்ணெய் தேய்த்துவிடுகிற கால்தான், ஆனால் மற்றவர் சொல்லிப் பார்க்கும்போது அது வேறு யார் பிள்ளையின் காலோ போல இருந்தது.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, மேற்கே அக்கா வீட்டுக்குப் போனாள். இடம் மாறினால் பிள்ளை மாறுவாள் என்று நினைத்தாள். அக்கா ஆசையாகப் புட்டு அவித்துப் பழம் பிசைந்து ஊட்டினாள், கோமு துப்பினாள், அக்காவின் தெருவில் புட்டு தவிடாகிவிட்டது. அன்று ராத்திரி சாப்பாட்டில் அத்தான் தட்டைப் பார்த்தபடியே, "ஊர்ல வீடு பூட்டியா கெடக்கு?" என்று கேட்டார். பேச்சிக்குப் புரிந்தது. காலை முதல் பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டாள்.

அவள் இல்லாத நேரத்தில் தாணு அண்ணாச்சியின் கடையில் தெரு கூடியிருந்தது. வந்து இறங்கியதும் அவளைக் கூப்பிட்டு பெஞ்சியில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, தன்மையாகத்தான் பேசினார்கள்.

"பிள்ளைய யாரும் கொற சொல்லலம்மா" என்றார் அண்ணாச்சி. "நம்ம தெருப் பிள்ள. ஆனா எங்களுக்கும் வாயும் வயிறும் இருக்குல்லா. மீனை மட்டும் காட்டிராத. ஆட்டுக்கறி வேண்டாம். ரசம் வேண்டாம். புளி வேண்டாம். காப்பி நீ எப்பிடியும் குடுக்க மாட்ட. பெறவு…" என்று நிறுத்தி, தன் அடுப்பின் பக்கம் கண்ணைக் காட்டினார். "சால்னா. அது எங்க அய்யா காலத்துக் கைப்பக்குவம். அது போச்சுன்னா நான் கடைய மூடணும்."

பேச்சி எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். அவளுக்கு யார் மேலும் கோபம் வரவில்லை, அவர்கள் இடத்தில் இருந்தால் தானும் இப்படித்தான் கேட்டிருப்போம் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அடுக்களையில் நின்று பார்த்தாள். தெருக்காரர்கள் பிள்ளைக்கென்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவை வரிசையாக இருந்தன: கசக்கிற காய், காறுகிற கிழங்கு, முற்றிப்போன வெண்டை, வீட்டில் யாரும் தொடாத நாள்பட்ட அவல். யாருக்கும் வேண்டாததெல்லாம் அவள் மகளுக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஆவணி மாதத்தில் கோமுவுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இரண்டொரு நாளில் விட்டுவிட்டது, ஆனால் அதன் பிறகு பிள்ளை அழுவதைக் குறைத்துக்கொண்டாள். தூக்கினால் தோளில் துணிபோலக் கிடந்தாள். தவழ்ந்துகொண்டிருந்தவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பேச்சி பாவற்காய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊட்டாமல், சும்மா உட்கார்ந்திருந்ததை எதிர்வீட்டு ஜன்னல் வழியாகப் பிரமு மதினி பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன்குழம்பைச் சட்டியோடு இறக்கி, துணியால் பிடித்துக்கொண்டு, தெருவைக் கடந்து வந்தாள். அவள் அந்தத் தெருவில் மீனுக்காகவே பிறந்தவள் என்று பெயர் எடுத்தவள். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு போனால்கூட ஒரு நெய்மீன் துண்டுக்குத் திரும்பி வந்துவிடுவாள் என்பார்கள்.

"மதினி, மீன் வேண்டாம்னு…"

"யாரு வேண்டாம்னு சொன்னா? நானுந்தான் சொன்னேன். இப்ப நான் சொல்லுதேன், குடு." முள்ளெடுத்து, காரம் போகக் கழுவி, சதையை உதிர்த்து அவளே பிள்ளையின் வாயில் வைத்தாள். கோமு துப்பினாள். பிரமு மதினி சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். "போச்சு" என்றாள். பிறகு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பிள்ள போனதுக்கு அப்புறம் ரசத்த வச்சு என்னய்யா செய்யப் போறீய?" என்று சத்தம் போட்டாள்.

கதவுகள் திறந்தன. யாரும் யாரிடமும் கலந்து பேசியதாகத் தெரியவில்லை, ஆனால் அன்று மத்தியானத்துக்கு மேல் அவரவர் எதை உயிராக நினைத்தார்களோ அதை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கசாயக்காரர் பனங்கற்கண்டு கொண்டுவந்தார், அது ஒன்றுதான் அவருக்குக் கசாயத்தைக் குடிக்கவைத்துக்கொண்டிருந்தது. பாவற்காயை நீட்டிய பிள்ளைகள் கடலைமிட்டாயைப் பொடித்துத் தாளில் வைத்து நீட்டினார்கள், நீட்டும்போது ஒருத்தி அழுதாள். சுப்புத்தாய் கருப்பட்டிப் பணியாரம் சுட்டுக்கொண்டு வந்தாள். ஆட்டுக்கறி வந்தது, ரசம் வந்தது, சுட்ட அப்பளம் வந்தது, நுங்கு வந்தது. பேச்சி ஒவ்வொன்றாகத் தொட்டு வைக்க, கோமு ஒவ்வொன்றாகத் துப்பினாள். ஒவ்வொரு துப்பலுக்கும் கூட்டத்தில் யாரோ ஒருவர் மூச்சை இழுத்து விட்டார், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் கடைசியாகத் தாணு அண்ணாச்சி வந்தார். தூக்குவாளியைக் கீழே வைத்து, மூடியைத் திறந்து, சால்னாவைக் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கி, மேலாக எடுத்து வெந்நீர் விட்டு இளக்கினார். நீட்டுவதற்கு முன்னால் தானே ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடி நின்றார். பிறகு பேச்சியின் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளை துப்பிய சத்தம் கேட்டதும், "சரி" என்றார்.

இனித் தெருவில் துப்புவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. வெயில் இறங்கியிருந்தது. வந்தவர்கள் போகவில்லை, போய் என்ன செய்வது என்று தெரியாமல் முற்றத்திலேயே உட்கார்ந்தார்கள், உட்கார்ந்த பிறகுதான் யாரும் மத்தியானம் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சுற்றிலும் சாப்பாடு இருந்தது. பிரமு மதினி தட்டுகளைப் பரப்பினாள். பாலத்துக்குப் போகலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ருசியில்லாத மீனையும் ருசியில்லாத கறியையும் ருசியில்லாத சோற்றில் பிசைந்து அவர்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள், முதலில் தயங்கித் தயங்கி, பிறகு பசியில் வேகமாக. பேச்சியின் முன்னாலும் ஒரு தட்டை வைத்து, "நீ மொதல்ல தின்னு, எத்தன நாளாச்சு ஒக்காந்து தின்னு" என்றாள் மதினி. பேச்சி பிள்ளையைப் பக்கத்தில் பாயில் இறக்கிவிட்டாள். கரண்டியைத் தேடவில்லை. காக்காயைக் காட்டவில்லை. அவளுக்குப் பசி எங்கிருந்தோ அலைபோல ஏறி வந்தது. தலையைக் குனிந்து, இரண்டு கன்னமும் உப்ப, பக்கத்தில் பிள்ளை இருப்பதையே மறந்து அள்ளி அள்ளித் தின்றாள்.

தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கை வந்து விழுந்ததை அவள்தான் கடைசியாகப் பார்த்தாள். கோமு ஒரு கை நிறையப் பிசையாத சோற்றை இறுக்கிப் பிடித்திருந்தாள். பாதி விரலிடுக்கில் வழிந்தது, மீதியை முஷ்டியோடு வாயில் திணித்தாள். பேச்சி கையை நீட்டப்போனாள். பிரமு மதினி அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். பிள்ளை மென்றாள். அம்மாவின் வாய் போகிற போக்கைப் பார்த்துப் பார்த்து மென்றாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. மறுபடியும் கை தட்டுக்குப் போனது.

முற்றம் முழுக்க எல்லோருடைய வாயிலும் சோறு இனித்தது. மற்றது எதுவும் ருசிக்காததால் வெறுஞ்சோற்றின் ருசி மட்டும், மெல்ல மெல்ல ஊறிவருகிற இனிப்பு. ஒருவரும் அசையவில்லை, விழுங்கக்கூட இல்லை, அந்தச் சத்தத்தில் பிள்ளை நிறுத்திவிடுமோ என்று வாயில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கப்புறம் செக்கடித் தெரு ஒரு புதிய ஒழுங்குக்கு வந்தது. பிள்ளையைக் கூப்பிட்டால் வரமாட்டாள், நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், உற்றுப் பார்த்தால் அழுவாள் என்பதைத் தெரு சீக்கிரமே கற்றுக்கொண்டது. ஆகவே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்திருந்தன. எல்லோரும் தரையில் உட்கார்ந்து, தட்டைத் தாழ்வாக வைத்து, பிள்ளை வருகிறாளா என்று பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். கோமு முதலில் தவழ்ந்தும், பிறகு சுவரைப் பிடித்து நின்றும், பிறகு தத்தித் தத்தியும் தெருவில் வந்தாள், பின்னாலேயே பேச்சி வந்தாள். எந்த வீட்டுத் தட்டில் அவள் கை வைத்து எதை விழுங்கினாளோ அது தெருவுக்குத் திரும்பி வந்தது. பிரமு மதினியின் மீன் ஐப்பசியில் வந்தது, அன்று அவள் வாசலில் நின்று யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தாள். கடலைமிட்டாய் வந்தது, ரசம் வந்தது. கோமுவின் காலில் சதை வைத்தது. பாவற்காய் வரவேயில்லை, அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

தாணு அண்ணாச்சி மட்டும் காத்திருந்தார். கடையில் கூட்டம் குறைந்துவிட்டது; பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய்ச் சாப்பிடுகிற வெளியூர்க்காரர்கள்கூட ஒருவர் பின் ஒருவராக நின்றுபோனார்கள். சால்னா போனதால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டு, அவர் அதைப் பிள்ளையிடமோ பேச்சியிடமோ ஒரு நாளும் காட்டிக்கொள்ளாமல், மத்தியானமானால் கடைத் தரையில் சம்மணம் போட்டு, கிண்ணத்தில் சால்னாவை ஊற்றி, முதல்நாள் புரோட்டாவைப் பிய்த்து முக்கித் தின்றுகொண்டு, கண்ணைத் தெருவுக்குக் காட்டாமல் வைத்திருந்தார். கோமு அந்தக் கடையை எத்தனையோ முறை கடந்து போனாள்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் அவள் நின்றாள். படியைப் பிடித்து ஏறினாள். பேச்சி தெருவிலேயே நின்றுகொண்டாள். பிள்ளை அண்ணாச்சியின் முழங்காலைப் பிடித்து நின்று, கிண்ணத்துக்குள் நான்கு விரலையும் விட்டு, வாயில் வைத்தாள். முகம் சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது, ஒரு முழு அழுகை அழுதாள், அழுதுகொண்டே விழுங்கினாள், விழுங்கிவிட்டு மறுபடியும் விரலை விட்டாள்.

அண்ணாச்சியின் வாயில் புரோட்டா இருந்தது. பட்டையும் சோம்பும் வறுத்த தேங்காயும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. பிறகு அவர் முகம் கோணியது. பக்கத்துச் செம்பை எடுத்துத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார்.

"ஏ பேச்சி" என்றார். "இம்புட்டு உப்பையா ருசி தெரியாம நான் போட்டுக்கிட்டு இருந்தேன்?"

"ஆமா அண்ணாச்சி."

"பாலத்துக்கு அங்கிட்டுத் தின்னவனுக்கெல்லாம் தெரிஞ்சிருக்குமே. ஒரு பய சொல்லலையே."

"எங்கிட்டச் சொன்னாவ அண்ணாச்சி" என்றாள் பேச்சி. "நாந்தான் உங்ககிட்டச் சொல்லாண்டாம்னு சொல்லிட்டேன்."

அண்ணாச்சி எழுந்தார். கிண்ணத்தில் மிச்சமிருந்ததைப் பிள்ளைக்கு எட்டும்படி விட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த பெரிய சட்டியை இறக்கி வாறுகாலில் கவிழ்த்தார். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.